கோட்டில் உறுதி இல்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள், அக்காவின் முழங்கால் வலி கொஞ்சமாவது இறங்கியிருக்கும், உங்கள் மூச்சிரைப்பு மாடிப்படியோடு நின்றிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் சுகத்தைக் கேட்டீர்களானால், கேட்காமல் இருப்பதுதான் உங்கள் உடம்புக்கு நல்லது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாத இடத்துக்கு வந்து நிற்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, "தங்கச்சிகிட்ட குடுங்க" என்பீர்கள். முப்பத்திரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. அதனால்தான் கடிதம். இதைத் தங்கச்சியிடம் கொடுக்கச் சொல்ல முடியாது. நீங்களே படித்தாக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்கள் தங்கையின் ஓவியக் கண்காட்சி திறக்கிறது. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஏழரை அடி நீளத்துக்கு ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் படம் அங்கே இருக்கக் கூடாது. நீங்கள் வியாழக்கிழமைக்குள் கிளம்பி வந்து, அண்ணன் என்ற முறையில் ஒரு சத்தம் போட்டு, அதைக் கழற்ற வைக்க வேண்டும். நான் சொல்லிப் பயனில்லை. சொல்லவும் வழியில்லை. நானும் உங்கள் தங்கையும் பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. உப்பு வேண்டுமென்றால் உப்பு டப்பாவைப் பார்த்துச் சொல்கிறேன், அவள் எடுத்து வைக்கிறாள். கதவைப் பூட்டியாயிற்றா என்று அவள் பூட்டிடம் கேட்கிறாள், நான் போய்ப் பார்க்கிறேன். குடும்பம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை.

அவள் படம் வரைகிறவள் என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படத்தில் கண், மூக்கு, மரம், மாடு எதுவும் இருக்காது என்பதும் கல்யாணமான மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. வந்தவர்கள் "இது என்ன?" என்று கேட்டால் "மனநிலை" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன், "யாருடைய மனநிலை?" என்று கேட்டால் காபி கொண்டுவர உள்ளே போய்விடுவேன். நான் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டட வரைபட அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வரைவாளன், அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கிறவன். நான் போட்ட கோட்டை நம்பிக் கொத்தனார் சுவர் எழுப்பினார், அந்தச் சுவருக்குள்ளே ஆட்கள் பயமில்லாமல் தூங்கினார்கள். அவள் போட்ட கோட்டை நம்பி ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது. ஆனாலும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் பென்சில் பிடித்தோம், ஒருநாளும் உரசல் வந்ததில்லை. அவள் மேசை அவளுக்கு, என் மேசை எனக்கு.

போன வருடம் ஒருநாள் காலையில் எல்லாத் தூரிகைகளையும் ஒரு வாளியில் போட்டு மூடிவிட்டு, "இதெல்லாம் பொய் சொல்லுதுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கை பழகிப்போச்சு. பழகின கை என்ன வரையும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. உடம்பு எப்படி அசையுதுன்னு உடம்பே வரையணும்" என்றாள். அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். ஏதோ ஆர்வக்கோளாறு, ஒரு வாரத்தில் வடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வடியவில்லை. முதலில் முழங்கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டாள், பிறகு கணுக்காலில். பிறகு இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, வால் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டு, கூடம் முழுக்கத் துணி விரித்து அதன்மேல் வீடு பெருக்கினாள். பெருக்குகிற அசைவு வேண்டுமாம். அசைவு கிடைத்தது, வீடு பெருக்கினபாடில்லை. அதன்பிறகு மின்விசிறியை இறக்கிவிட்டு, அந்தக் கொக்கியில் அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கயிற்றால் அதைத் தன் இடுப்போடு இணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் நடந்தால் டப்பா ஆடும், டப்பா ஆடினால் நீலம் சொட்டும். வெயில் காலம் மொத்தமும் விசிறி இல்லாமல் வெந்தேன். முடிவெட்டுகிறவர், "சார், காதுக்குப் பின்னாடி என்ன, வானமா?" என்று கேட்டார். குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. அவள் முதுகு தேய்த்துக்கொண்ட அசைவு. விருந்தாளிகள் உள்ளே போனால் வெளியே வர நேரமாகிறது, வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அடுத்து குதிக்கிற பருவம். சுவரில் தாளை ஒட்டி, இரண்டு கையிலும் கரித்துண்டு பிடித்துக்கொண்டு, எட்டுகிற உயரத்துக்கெல்லாம் குதித்து ஒரு கீறல் போடுவாள். ஐம்பத்தெட்டு வயது. கீழ்வீட்டில் பல் டாக்டர் இருக்கிறார், வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிறவர். மூன்றாம் நாள் கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தார். "சார், நீங்க மேல குதிச்சா கீழ என் கை ஆடுது. நான் பல்லுல வேலை பாக்குறவன். ஒரு நூல் தப்பிச்சுன்னா உதடு போயிடும்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் தங்கை அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "டாக்டர், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது உங்க தோள் எந்தப் பக்கமா போகும்?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனுஷனிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. கால் மணி நேரத்தில் தோளில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் சுவரிலிருந்து இல்லாத ஒரு பல்லை மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு நோயாளி வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். சண்டைக்கு வந்தவர் இப்போது உங்கள் தங்கையின் பரம ரசிகர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "கை ஆடுது" என்று டாக்டர் சொன்னபோது என் வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. ஒன்றரை வருடமாக அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மச்சான், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் வலது கை நடுங்குகிறது. ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் தொடங்கியது. முதலில் கோப்பைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சின்ன மணியோசை. நான் தட்டை ஒதுக்கிவிட்டு, "தட்டெல்லாம் எதுக்கு, கழுவுற வேலை மிச்சம்" என்றேன். பிறகு சட்டைப் பித்தான் கண்ணாமூச்சி காட்டியது. பித்தான் இல்லாத பனியன் சட்டைகள் நாலு வாங்கி வந்து, இப்போது இதுதான் எல்லோரும் போடுகிறார்கள் என்றேன். தனியாக டாக்டரிடம் போனேன், பல் டாக்டரிடம் அல்ல, சரியான டாக்டரிடம். அவர் என்னை நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு கோடு போடச் சொன்னார். மற்றதெல்லாம் செய்தேன். கோடு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, மெல்லத்தான் கூடும், ஆனால் போகாது என்றார். மாத்திரைகளைக் காம்பஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன், அதை அவள் திறக்க மாட்டாள் என்ற தைரியத்தில். எல்லோருக்கும் தண்ணி காட்டிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

காலையில் நான் குறுக்கெழுத்துப் போடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஒன்றுதான் பென்சில் பிடிக்க எனக்கு மிச்சமிருந்த சாக்கு. கட்டத்துக்குள் எழுத்து எப்படிக் கோணினாலும் கேட்க ஆளில்லை. நாலைந்து மாதத்துக்கு முன்னால் உங்கள் தங்கை திடீரென்று அந்தக் கட்டத்தைத் தானே கத்தரித்து, என் பழைய அட்டையில் வைத்து, "சொரசொரன்னு இருக்கு, அடியில ஒரு மெல்லிசுத் தாள் வச்சிருக்கேன்" என்று கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். நான் விடை தெரியாமல் விழித்தால், "ஏழெழுத்தா, ஆறெழுத்தா?" என்பாள். முப்பத்திரண்டு வருடத்தில் காலை வேளையில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. அந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று தன் மேசைக்கு ஓடிவிடுவாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயதான காலத்தில் என்னடா இது என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த நாலு மாதம் நான் சவரம் செய்யாமல் குறுக்கெழுத்துக்கு உட்கார்ந்ததில்லை.

அந்த மெல்லிசுத் தாளுக்கு அடியில் ஒரு கார்பன் பேப்பர் இருந்தது, மச்சான். கார்பனுக்கு அடியில் ஒரு வெள்ளைச் சுருள். தினமும் நான் எழுந்து போன பிறகு அதை முக்கால் அங்குலம் இழுத்துவிடுவாளாம். நூற்று இருபது நாள், நாளுக்கு முக்கால் அங்குலம், மொத்தம் ஏழரை அடி. கணக்கு சரியாகத்தான் வருகிறது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை யோசித்தபடி நான் பென்சிலை ஊன்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அதன் முனை ஆடிய ஆட்டம் அப்படியே கீழே இறங்கியிருக்கிறது. கார்பன் பேப்பரோடு முப்பத்து நாலு வருடம் குடித்தனம் செய்தவன் நான். அது மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கிறது, எனக்கு வாசனைகூடத் தெரியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் நடந்துவிட்டு வந்தேன். அந்தச் சுருளைக் கூடத்துச் சுவரில் முழு நீளத்துக்கும் விரித்து ஒட்டியிருந்தாள். "பாத்துட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க, காபி கொண்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். பார்த்தேன். நீலக் கறுப்பில் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கான கீறல்கள், ஒன்றாவது போன திசையில் ஒழுங்காகப் போகவில்லை. அவளிடம் படம் கற்க வருகிற யாரோ ஒரு அரைவேக்காட்டின் வேலை என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம் மச்சான், கை சும்மா இருக்கவில்லை. மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, வலது கீழ் மூலையில், அலுவலகத்தில் எங்கே எழுதுவேனோ அதே இடத்தில், "கோட்டில் உறுதி இல்லை. வரைந்தவர் கவனக்குறைவு. திரும்ப வரையவும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். இப்படி எழுதி எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன் தெரியுமா? ஒரு பெண் வேலையையே விட்டுவிட்டுப் போனாள்.

உங்கள் தங்கை காபியோடு வந்தாள். படித்தாள். காபியைக் கீழே வைத்தாள்.

"யாரு வரைஞ்சது இது? பென்சிலைப் பிடிக்கவே தெரியல. இவனையெல்லாம் எதுக்கு உள்ள விடுற?" என்றேன்.

"நீங்க வரைஞ்சது."

"நானா? நான் எப்ப வரைஞ்சேன்?"

"நாலு மாசமா. தினமும் காலையில."

சுருளைத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். உறுதி இல்லை என்று எழுதிய எழுத்தும் சுருளில் இருந்த கீறலைப் போலவே ஆடிக்கொண்டிருந்தது. சரிபார்த்தவனுக்கும் வரைந்தவனுக்கும் ஒரே கை. அப்போது அவள், "உங்களுக்குக் கை நடுங்குறது எனக்கு எப்பவோ தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேட்டா மறைச்சிருவீங்க. அதான் இப்படி" என்றாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காபி ஆறிப்போயிற்று.

மறுநாள் கண்காட்சிக் கூடத்துக்காரர் படங்களைத் தேர்ந்தெடுக்க வந்தார். மற்ற பதினொரு படத்தையும் தலையாட்டிக்கொண்டே தாண்டி வந்தவர் இதன் முன்னால் வந்து நின்றுவிட்டார். "அம்மா, இதுல ஒருத்தர் நடுங்குறாரு, ஒருத்தர் திட்டுறாரு. இது போதும்மா, மத்ததெல்லாம் இதுக்குத் துணைக்கு வரட்டும்" என்று அவர் சொன்னது கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. உங்கள் தங்கை வந்து கதவைத் தட்டி, "இதை வைக்கட்டுமா? உங்க சம்மதம் இல்லாம வைக்க மாட்டேன்" என்றாள். நான் உள்ளேயிருந்து "என்னமோ பண்ணு" என்றேன். புருஷன் என்னமோ பண்ணு என்றால் அதைப் பண்ணவே கூடாது என்று பொருள், இது தெரியாத பெண்டாட்டி உண்டா? முப்பத்திரண்டு வருடமாகச் சரியாகப் புரிந்துகொண்டவள் அன்றைக்கு மட்டும் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது.

அதோடு போயிற்றா? அழைப்பிதழ் அச்சடித்தார்கள், முகப்பில் அதே படம், என் சிவப்புக் குறிப்போடு. கூடத்துக்காரர் ஊரிலுள்ள கட்டட அலுவலகங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார், அவர்களுக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்ற நல்லெண்ணத்தில். போன சனிக்கிழமை எங்கள் பெரிய எஞ்சினியர் போன் செய்தார்.

"யோவ், உன் வீட்டம்மா கார்டு வந்துச்சு. அதுல சிவப்புல இருக்கிறது உன் எழுத்துதானே? எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிருவேன்."

"ஆமா சார்."

"ஏன்யா இப்படி ஆடுது?"

"பஸ்ல வரும்போது எழுதினது சார்."

"ஏழரை அடி படத்தைப் பஸ்ல விரிச்சு வச்சா எழுதின?"

நான் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் அதற்கு மேல் தோண்டவில்லை. அப்புறம், "திறக்கிற அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரும் வர்றோம், வேன் சொல்லியாச்சு" என்று வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வேனில் வரப்போகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் அந்தச் சிவப்பு வரியை வாங்கியவர்கள்.

நானே கதையை முடித்துவிடலாம் என்று திங்கட்கிழமை மதியம், கூடத்துக்காரர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, ஒரு ரப்பரோடு கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தேன். படம் போகாவிட்டாலும் கையெழுத்தாவது போகட்டும் என்று மண்டிபோட்டு உட்கார்ந்து தேய்த்தேன். சிவப்புப் பென்சில் லேசில் அழியாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். கை வேறு தன் பாட்டுக்கு ஆடியதில், எழுத்தெல்லாம் அப்படியே இருக்க, மேலே ரோஜா நிறத்தில் ஒரு புகை படர்ந்தது. பின்னாலிருந்து, "நிறுத்தாதீங்க சார், அப்படியே பண்ணுங்க" என்று ஒரு குரல். திரும்பினேன். கையில் சாப்பாட்டு டப்பாவோடு கூடத்துக்காரர், கண் கலங்கி நிற்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த அநியாயத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இப்போது படத்துக்குப் பக்கத்தில் உள்ள சீட்டில் "கார்பன், சிவப்புப் பென்சில்" என்பதோடு "ரப்பர்" என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

வாயால் சொன்னால் அசடு வழிகிறது, முறையாக எழுதிக் கொடுப்போம் என்று செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதிக் கூடத்துக்காரருக்கு அனுப்பினேன். இன்ன காரணங்களால் இந்தப் படத்தை உடனே அகற்றவும் என்று எண் போட்டு ஐந்து காரணம். நேற்றுப் பல் டாக்டர் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து பூரிப்போடு சொன்னார்: "சார், உங்க லெட்டரையும் கண்ணாடி போட்டு மாட்டிட்டாங்க. சின்னதுதான், ஆனா அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது." இனி நான் கையால் எதைத் தொட்டாலும் அது கலை. மளிகைச் சீட்டு எழுதினால்கூட யாராவது சட்டம் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. எனக்கும் சொல்லும்போது சிரிப்பு வந்தது. ஆனால் மச்சான், எனக்கு வேறு எந்தத் திறமையும் இருந்ததில்லை. பேச்சுச் சாமர்த்தியம் கிடையாது, பாட வராது, நாலு பேர் கூடிய இடத்தில் எங்கே நிற்பது என்று தெரியாது. ஒரு நேர்க்கோடு போட வரும், ஸ்கேல் இல்லாமல். அதைப் பார்க்கவே பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வருவார்கள். அது போய்விட்டது. போனதை ஒருவருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்குள் நின்றுகொண்டு, ஒரே ஒரு பித்தானைப் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பேன். போன மாதம் நாலு. இந்த மாதம் ஏழு. வேனில் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், இரண்டு நாள் பேசுவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. நாலு மாதம் தினமும் காலையில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்மேல் உள்ள பிரியத்தில் உட்கார்கிறாள் என்று நினைத்தேன். காகிதத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படத்தை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்குக் கை நடுங்கியது தெரியவில்லை, நான் ஏமாந்ததுதான் தெரிகிறது. அதைப் பொதுச் சுவரில் மாட்டி, விளக்குப் போட்டு, ஆறு மணிக்குத் திறந்துவைக்கப் போகிறார்கள்.

அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வியாழக்கிழமை எந்த வண்டி கிடைத்தாலும் ஏறி வந்துவிடுங்கள். சின்ன வயதில் அவள் வீட்டுச் சுவரில் கிறுக்கியபோதே நீங்கள் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நினைக்கிறேன். உங்கள் பேச்சை அவள் தட்ட மாட்டாள். படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பு இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, கை கால் சுகத்தோடு, நினைத்ததை நினைத்த நேரத்தில் சொல்லிவிடுகிற தைரியத்தோடு வளரவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டதால் ஏழரை அடி நீளத்துக்குச் சுவரில் தொங்கும்,
தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: இதுவரைக்கும் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல எழுதியது உங்கள் தங்கைதான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒன்பது நாளாகப் பேசவில்லை என்று சொன்னதும் பொய்யில்லை. நான் உங்களோடுதான் பேசினேன், அவள் எழுதினாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அரைவேக்காடு என்ற இடத்தில் மட்டும் சிரித்தாள். குழாய் வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். காகிதத்துக்காகத்தான் என்று நான் சொன்னதும் பேனா நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு அதையும் எழுதி, மீதியையும் எழுதி, ஆசீர்வாதம் வரைக்கும் முடித்து மூடி போட்டு வைத்துவிட்டு, கூடத்துக்காரருக்குப் போன் போட்டு அந்தப் படத்தையும் என் கண்டனக் கடிதத்தையும் இறக்கச் சொன்னாள். அவர் எவ்வளவோ மன்றாடினார். "அவரு என்னமோ பண்ணுன்னாரு. அதுக்கு வேண்டாம்னு அர்த்தம், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வச்சது என் தப்பு" என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "காகிதத்தை இழுத்துவிட ஒரு நிமிஷம் போதும். அதுவும் நீங்க எழுந்து போனதுக்கு அப்புறம்தான் இழுத்தேன். மீதி நேரமெல்லாம் நான் எதுக்குங்க அங்க உக்காந்திருந்தேன்?" என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கிற நேரம் அது.

ஆகையால் மச்சான், நீங்கள் சத்தம் போட வர வேண்டாம். சும்மா வாருங்கள். படத்தை வெள்ளிக்கிழமை மாட்டுவதா வேண்டாமா என்று இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பின்குறிப்பு மட்டும் என் கையால் எழுதியது, கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். இவ்வளவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் இன்னும் எழுந்து போகவில்லை.